செட்டிநாட்டில் ஒரு நாள் சைக்கிள் பயணம்: வெயிலும் மழையும் மாறிவரும் பருவத்துக்கான முழு வழிகாட்டி

புரட்டாசியின் பிற்பாதியிலும் ஐப்பசியின் தொடக்கத்திலும் காரைக்குடிப் பக்கத்து வானம் ஒரே நாளில் நான்கு முகம் காட்டும். காலை 6 மணிக்குத் துடைத்துவிட்டாற்போல் தெளிந்திருக்கும். 11 மணிக்கு முதுகைச் சுடும் வெயில் அடிக்கும். பிற்பகல் 3 மணிவாக்கில் தைலமரத் தோப்புக்குப் பின்னால் மேகம் கருத்துத் திரளும். அதன்பின் இடியும் மழையுமாகக் கொட்டித் தீர்த்துவிட்டு, மாலையில் ஒன்றும் நடவாததுபோல் குளிர்ந்த காற்று வீசும். கோடையைவிட இந்த நாட்களில்தான் செட்டிநாடு கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது. ஊருணிகளில் தண்ணீர் ஏறத் தொடங்கியிருக்கும், நனைந்த செம்மண்ணின் நிறம் ஆழ்ந்திருக்கும், கண்மாய் உள்வாயில் புல் முளைத்திருக்கும். அந்த அழகை நம்பி முன்னேற்பாடில்லாமல் சைக்கிளில் கிளம்புகிறவர்கள் நடுவழியில் நனைந்து திரும்புவதும் இந்த நாட்களில்தான்.

இந்த வழிகாட்டி, 4 முதல் 6 பேர் கொண்ட சிறு குழு காரைக்குடியில் புறப்பட்டு, குன்றக்குடி, ஆத்தங்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் வழியாக அன்றே திரும்பும் சுற்றுப் பாதையை அடிப்படையாகக் கொண்டது. ஊருக்குள் சுற்றுவதையும் சேர்த்தால் மொத்தத் தூரம் ஏறக்குறைய 45 முதல் 50 கிலோமீட்டர் வரும். பெரிய ஏற்ற இறக்கம் இல்லாத பூமி. ஆகையால், நாள்தோறும் சைக்கிள் மிதிக்காதவர்கூட ஒரு மாதம் முன்கூட்டி வாரத்துக்கு இரண்டு முறை 15 கிலோமீட்டர் மிதித்துப் பழகினால் இதைச் சுற்றி வந்துவிடலாம். இந்தப் பாதையை நாங்கள் பல முறை, பல விதமான வானிலையில் சுற்றியிருக்கிறோம். மழை வருமா என்று கேட்பதைவிட, வந்தால் அந்த நேரத்தில் எந்தக் கூரைக்கு அருகில் இருப்போம் என்று கேட்பதுதான் பயன் தரும் என்பதை அந்த அனுபவத்தில் கற்றோம். கீழே வரும் ஏற்பாடுகள் எல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தவை.

நாளைத் தேர்ந்தெடுத்தல்

வடகிழக்குப் பருவமழை சராசரியாக அக்டோபர் 20-ஆம் தேதியையொட்டித் தமிழகத்தில் தொடங்கும். அந்தத் தேதிக்கு முன்னால் பெய்யும் மழைக்கும் பின்னால் பெய்யும் மழைக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. முன்னதாகப் பெய்வது பெரும்பாலும் வெப்பச்சலன மழை. பகல் வெயிலில் நிலம் சூடேறி, ஈரக்காற்று மேலெழுந்து, பிற்பகலில் இடிமேகமாகத் திரளும். மேலடுக்கில் மேற்குக் காற்று ஓங்கியிருப்பதால் அந்த மேகம் பொதுவாக உள்மாவட்டங்களில் உருவாகிக் கடற்கரையை நோக்கிக் கிழக்கே நகரும். பருவமழை தொடங்கிய பின் வருவது வங்கக்கடலின் மழை. அது கிழக்கிலிருந்து வரும். இரவிலும் விடியற்காலையிலும்கூடப் பெய்யும். ‘ஐப்பசி அடைமழை’ என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். ஆகவே புரட்டாசியில் மேற்கு அடிவானத்தையும், ஐப்பசி நடுவுக்குப் பின் கிழக்கு அடிவானத்தையும் பார்த்துக்கொண்டே செல்ல வேண்டும். ஒரு நாள் பயணத்துக்கு ஏற்றது முன்னது. ஏனெனில் காலைப் பொழுதையாவது அது நமக்கு விட்டுக்கொடுக்கிறது. அடைமழை பிடித்துவிட்டால் பயணத்தை மார்கழி, தை மாதங்களுக்குத் தள்ளிவைப்பதே நல்லது.

வானிலை அறிவிப்பை மூன்று முறை பாருங்கள். மூன்று நாள் முன்னதாகச் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் மாவட்டவாரி எச்சரிக்கையைப் பார்த்து, போகலாமா என்று பொதுவாக முடிவுசெய்யலாம். மஞ்சள் நிறம் கவனமாக இருக்கச் சொல்கிறது. ஆரஞ்சு ஆயத்தமாக இருக்கச் சொல்கிறது. சிவப்பு என்றால் உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று பொருள். எங்கள் வழக்கப்படி மஞ்சளுக்குச் செல்வோம், ஆரஞ்சுக்குத் தள்ளிவைப்போம். நம் பாதை சிவகங்கை மாவட்டத்தில் இருந்தாலும் புதுக்கோட்டை மாவட்ட எல்லையை ஒட்டியே செல்வதால் இரு மாவட்டங்களின் எச்சரிக்கையையும் பார்க்க வேண்டும். இரண்டாவது முறை, முந்தின இரவு. மூன்றாவது முறை, புறப்படும் காலையிலும் வழியில் நிற்கும் ஒவ்வோர் ஊரிலும். இதற்கு அடுத்த 3 மணி நேரத்துக்கான உடனடி அறிவிப்பும், காரைக்காலில் உள்ள ரேடாரின் படமும் உதவும். இவற்றோடு, மின்னல் எச்சரிக்கைக்காக உருவாக்கப்பட்ட ‘தாமினி’ செயலியைக் குழுவில் இருவராவது கைபேசியில் வைத்திருக்க வேண்டும்.

‘தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை வரும்’ என்றும், ‘அந்தி ஈசல் பூத்தால் அடைமழைக்கு அச்சாரம்’ என்றும் சொல்வார்கள். எங்கள் குழுவில் ஒருவர் ரேடாரைவிடத் தட்டானைத்தான் நம்புகிறார். அது பலித்த நாட்களை எங்களுக்கு நினைவூட்டத் தவறுவதில்லை. பலிக்காத நாட்களை யாரும் கணக்கு வைக்கவில்லை.

நாள் குறிக்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். ஐப்பசியில் கந்த சஷ்டி வரும் நாட்களில் குன்றக்குடியிலும், விநாயகர் சதுர்த்தியையொட்டிப் பிள்ளையார்பட்டியிலும் கூட்டம் நிறையும். காரைக்குடி–திருப்பத்தூர் சாலையில் அன்று வண்டிகள் நெருக்கியடித்துக்கொண்டு வரும். அந்த நாட்களைத் தவிர்க்கவும்.

பாதையை எந்தத் திசையில் சுற்றுவது

இந்த வழிகாட்டியில் நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் பகுதி இது. காரைக்குடிக்கு வரும் பெரும்பாலோர் முதலில் கானாடுகாத்தான் வீடுகளைப் பார்த்துவிட்டு, பிற்பகலில் ஆத்தங்குடிக்குச் சென்று, மாலையில் குன்றக்குடி வழியாகத் திரும்புவார்கள். காரில் வருகிறவர்களுக்கு அது சரி. சைக்கிளில் நாங்களும் ஒரு புரட்டாசியில் அப்படித்தான் சென்றோம். ஆத்தங்குடியை விட்டுத் தெற்கே இறங்கி அரை மணி நேரம் ஆகியிருக்கும். மேற்கே இருந்த மேகம் தலைக்கு மேல் வந்துவிட்டது. இருபுறமும் தைலமரம், சீமைக்கருவேலம், நடுநடுவே வெட்டவெளி. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு வீடு இல்லை. ஒரு நண்பர் தனியாக நின்ற பனைமரத்தடிக்கு ஓடினார். அவரைக் கத்தி அழைத்து வெளியே கொண்டுவருவதற்குள் எங்களுக்கு உயிர் போய் வந்தது. அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும் வரைபடத்தை விரித்துவைத்துப் பாதையைத் திருப்பிப் போட்டோம்.

திருப்பிப் போட்டதன் காரணம் எளியது. காரைக்குடிக்கு மேற்கிலும் வடமேற்கிலும் ஊர்கள் தள்ளித்தள்ளி இருக்கின்றன. இடைவெளியில் ஒதுங்க இடமில்லை. கானாடுகாத்தானிலிருந்து பள்ளத்தூர், கோட்டையூர் வழியாகக் காரைக்குடிக்கு வரும் கிழக்குப் பக்கத்திலோ நான்கைந்து கிலோமீட்டருக்கு ஓர் ஊர் இருக்கிறது. ஊர் தோறும் கடை, கோயில், பேருந்து நிறுத்தம் உண்டு. வானம் தெளிந்திருக்கும் காலையில் வெட்டவெளியைக் கடந்துவிட்டு, மேகம் திரளும் பிற்பகலில் ஊர்கள் நெருங்கிய பக்கத்துக்கு வந்துவிட வேண்டும். இதில் வேறு இரண்டு நன்மைகளும் உண்டு. காலையில் மேற்கே செல்வதால் வெயில் முகத்தில் அடிக்காமல் முதுகில் விழும். பிற்பகலில் தென்கிழக்கே திரும்புவதால் மேற்கிலிருந்து வரும் மேகத்தை நோக்கி மிதிக்காமல் அதற்கு முன்னால் மிதிப்போம்.

பாதை இதுதான்: காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் சாலையில் குன்றக்குடி, ஏறக்குறைய 10 கிலோமீட்டர். அங்கிருந்து வடக்கே கிளைச்சாலைகளில் ஆத்தங்குடி. பின் கிழக்கே, திருச்சி–காரைக்குடி நெடுஞ்சாலையைக் குறுக்காகக் கடந்து கானாடுகாத்தான். அங்கிருந்து பள்ளத்தூர், கோட்டையூர் வழியாகக் காரைக்குடி, ஏறக்குறைய 15 கிலோமீட்டர். கிளைச்சாலைகள் பலவாகப் பிரிவதால் கைபேசி வரைபடத்தை மட்டும் நம்பாமல், அடுத்து வரும் ஊர்ப் பெயர்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். மழையில் தொடுதிரை விரலுக்குப் பணியாது. எழுதிய தாள் பாலிதீன் உறைக்குள் பத்திரமாக இருக்கும். ஊர்ப் பெயர் தெரிந்தால் எதிரே வரும் யாரிடமும் வழி கேட்டுவிடலாம்.

அந்தத் தாளிலேயே, ஒவ்வோர் ஊருக்கும் எதிரே இரண்டு குறிப்புகளை எழுதுங்கள்: ஒதுங்கக்கூடிய கட்டடம் எது, அங்கிருந்து காரைக்குடிக்குச் செல்லும் பெரிய சாலை எவ்வளவு தூரம். யாராவது சோர்ந்துவிட்டாலோ வண்டி கெட்டுவிட்டாலோ நகரப் பேருந்தில் சைக்கிளை ஏற்ற இயலாது. குட்டியானை எனப்படும் சிறு சரக்கு வண்டியைத்தான் அழைக்க வேண்டும். காரைக்குடியில் குட்டியானை ஓட்டும் ஒருவரிடம் முதல் நாளே பேசி, வாடகையைக் கேட்டு, எண்ணைக் குழுவில் அனைவரும் பதிந்துகொள்ளுங்கள். இதைச் செய்ய ஐந்து நிமிடம் போதும். செய்யாவிட்டால் நடுவழியில் இரண்டு மணி நேரம் போகும்.

குழுவும் அதன் ஒப்பந்தமும்

ஆறு பேருக்கு மேல் வேண்டாம். ஏழாவது ஆள் வந்ததும் குழு தானாகவே இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. வழி தெரிந்தவர் ஒருவர் முன்னால் செல்ல வேண்டும். பஞ்சர் ஒட்டத் தெரிந்தவர் கடைசியில் வர வேண்டும். முன்னால் செல்பவர் ஒவ்வொரு பிரிவிலும் நின்று, கடைசி ஆள் கண்ணில் பட்ட பிறகே திரும்ப வேண்டும். குழுவின் வேகம் எல்லாரிலும் மெதுவாக மிதிப்பவரின் வேகம்தான். மணிக்கு 12 கிலோமீட்டர் என்று கணக்கிட்டால் ஏமாற்றம் இராது. நெடுஞ்சாலையில் ஒருவர் பின் ஒருவராகவே செல்ல வேண்டும். கிளைச்சாலையில் இருவர் இணையாகப் பேசிக்கொண்டு செல்லலாம், பின்னால் ஹார்ன் சத்தம் கேட்கும் வரை.

புறப்படுவதற்கு முன்பே பேசி முடிக்க வேண்டிய ஒப்பந்தம் ஒன்று உண்டு: யாராவது ஒருவர் “போதும், திரும்பலாம்” என்றால் குழு திரும்பும்; அவரை யாரும் கேலி செய்யக் கூடாது, காரணமும் கேட்கக் கூடாது. இதைப் பயணத்தின் நடுவே பேசினால் தைரியசாலிகளின் குரல்தான் ஓங்கும். தாத்தா வயதுக்காரரோ பள்ளிக்கூடப் பிள்ளையோ குழுவில் இருந்தால் இந்த ஒப்பந்தம் இன்னும் அவசியம்.

வண்டி

கியர் உள்ள வண்டியானாலும் பழைய கறுப்புச் சைக்கிளானாலும் இந்தப் பாதைக்குப் போதும். நான் சாதாரண வண்டியின் பக்கமே சாய்வேன். அரசு பள்ளி மாணவர்களுக்கு வழங்கும் சைக்கிள் ஊர் தோறும் ஓடுவதால், அதற்கான ட்யூபும் பிரேக் கட்டையும் சிற்றூர்க் கடையிலும் கிடைக்கும். கியர் வண்டியின் உதிரி பாகத்துக்குக் காரைக்குடி வரை வர வேண்டியிருக்கும். பழைய வகை வால்வு உள்ள வண்டியானால், அதில் மாட்டும் வால்டியூப் எனப்படும் சிறு ரப்பர்க் குழாய் நான்கைந்து துண்டு பையில் இருக்கட்டும். ட்யூப் நன்றாக இருந்தும் காற்று நிற்காமல் போவதற்கு இந்தச் சிறு துண்டே பல நேரம் காரணம்.

ஒரு வாரம் முன்னதாக வண்டியைச் சைக்கிள் கடையில் காட்டி பிரேக் கட்டைகள், கம்பிகள், செயின், டயர் ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். டயர் தேய்ந்து வழவழத்திருந்தால் மாற்றிவிடுவது நல்லது. ஈரத்தில் வழுக்குவது ஒருபுறம் இருக்க, இந்தப் பகுதியின் சீமைக்கருவேல முள் தேய்ந்த டயரை ஊசிபோல் துளைத்துவிடும். முன்னும் பின்னும் மட்கார்டு இருந்தால் மழைக்குப் பின் செம்மண் சேறு முதுகில் கோடு போடாது. பின்புறச் சிவப்பு விளக்கும் முன்விளக்கும் பகல் பயணத்துக்கும் வேண்டும். மழைத்திரைக்குள் லாரி ஓட்டுநருக்கு உங்களைக் காட்டுவது அந்த விளக்கு ஒன்றுதான்.

பையில் வேண்டியவை

ஒவ்வொருவருக்கும் இரண்டு லிட்டர் தண்ணீர், இரண்டு உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம், கடலைமிட்டாய், தலைக்கவசம், சில்லறைப் பணம். மழைக்கு, இடுப்போடு நிற்கும் மழைச்சட்டை. தோளிலிருந்து தொங்கும் அகலமான மழைப்போர்வையை வாங்காதீர்கள். காற்றில் பாய்மரமாக விரியும், சில நேரம் சக்கரத்திலும் சிக்கும். குடையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஓட்டும் வித்தையை ஊர்க்காரர்களுக்கே விட்டுவிடலாம். பருத்திச் சட்டை நனைந்தால் உலராது, உடலோடு ஒட்டிக் குளிரும். விளையாட்டு வீரர்கள் அணியும் மெல்லிய செயற்கை இழைச் சட்டை விரைவில் உலரும். காலுக்கு, பின்பட்டை உள்ள ரப்பர்ச் செருப்பு. மாற்றுச் சட்டை ஒன்றையும் கைபேசியையும் இரண்டு பாலிதீன் உறைக்குள் போட்டு இறுக்கிக் கட்டுங்கள்.

குழுவுக்குப் பொதுவாக: காற்றடிக்கும் பம்பு, டயர் கழற்றும் பட்டை, ஸ்பேனர், ஒட்டுப் போடும் பொருட்கள், சக்கர அளவு ஒவ்வொன்றுக்கும் ஒரு புதிய ட்யூப், முதலுதவிப் பை, நீண்ட கயிறு, பழைய துணி. ட்யூப் அளவு டயரின் பக்கவாட்டில் அச்சிடப்பட்டிருக்கும். கடைக்குப் போகும்போது அதைக் குறித்துக்கொண்டு போங்கள். கைபேசிகளில் ஒன்றை முழு மின்னூட்டத்துடன் அணைத்துவைத்து அவசரத்துக்கென்று ஒதுக்கிவிடுங்கள். ஆம்புலன்ஸுக்கு 108, பிற அவசரங்களுக்கு 112, மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077.

பயண நாள்: காலை

அக்டோபரில் இங்கே சூரியன் காலை 6 மணிக்குச் சற்றுப் பின் உதிக்கும். வெளிச்சம் வந்ததும் கிளம்ப ஆயத்தமாக 5:45-க்கே கூடிவிட்டால், வண்டிகளின் காற்றையும் பிரேக்கையும் ஒருவர் மற்றவருடையதைச் சோதித்துவிடலாம். தன் வண்டியைத் தானே சோதிப்பவர் பார்க்க விரும்பாததைப் பார்ப்பதில்லை. இரவில் மழை பெய்திருந்தால் புறப்பாட்டைச் சற்றுத் தள்ளி வைக்கவும்.

7 மணிவாக்கில் குன்றக்குடி. சண்முகநாதர் கோயில் சிறிய குன்றின் மேல் இருக்கிறது. மேலே ஏறினால் நாம் அடுத்துச் செல்லவிருக்கும் வடக்குத் திசையும், மேகம் வரும் மேற்குத் திசையும் தடையின்றித் தெரியும். வழிபாட்டுக்கு ஏறாதவர்களும் வானத்தைப் பார்ப்பதற்காக ஏறலாம். இது முதல் முடிவிடம், அதாவது தொடர்வதா திரும்புவதா என்று முடிவெடுக்கும் இடம். மேற்கே அந்த நேரத்திலேயே கருமேகம் தென்பட்டால், காலை உணவை அடிவாரத்தில் முடித்துக்கொண்டு வந்த சாலையிலேயே காரைக்குடிக்குத் திரும்பிவிடுங்கள். தெளிவாக இருந்தால், கால்வாசி வயிறு காலியாக இருக்கும்படி இட்லி சாப்பிட்டுவிட்டு 7:45-க்குள் கிளம்ப வேண்டும். இங்கிருந்து பிள்ளையார்பட்டி மிக அருகில்தான் இருக்கிறது. போய்வரலாம் என்று ஒருவர் நிச்சயம் சொல்வார். குடைவரைக் கோயிலும் கற்பக விநாயகரும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் அந்த ஒரு மணி நேரம் பிற்பகலில் கழியும் என்பதை மறக்கக் கூடாது. இந்தப் பருவத்தில் நாங்கள் செல்வதில்லை.

குன்றக்குடிக்கும் ஆத்தங்குடிக்கும் இடைப்பட்ட பகுதியே இந்தப் பாதையில் ஒதுங்க இடம் குறைந்தது. வழியில் நிறுத்திப் படமெடுப்பதைக் குறைத்து, ஒரே சீராகக் கடந்துவிடுங்கள். கண்மாய்க் கரையையொட்டி வரும் தரைப்பாலங்களில் கவனம் தேவை. கண்மாய் நிறைந்து கலுங்கு வழியே தண்ணீர் வெளியேறும் நாட்களில் அது தரைப்பாலத்தின் மேல் ஓடும். தண்ணீருக்கு அடியில் சாலை தெரியாவிட்டாலும், ஓட்டத்தில் வேகம் இருந்தாலும் இறங்கக் கூடாது. உள்ளூர்க்காரர் நடந்து கடந்தாலும், அவருக்குத் தெரிந்த பள்ளம் உங்களுக்குத் தெரியாது. நாய்கள் துரத்தினால் வேகமெடுக்காமல் இறங்கி, வண்டியை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்து நடந்து சென்றால் அடங்கிவிடும்.

9 மணிக்குள் ஆத்தங்குடியை அடைந்தால், தரையில் பதிக்கும் பூக்கல் செய்யும் பட்டறைகளைப் பார்க்க நேரம் கிடைக்கும். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, உலோக அச்சின் கண்ணறைகளில் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அச்சை எடுத்ததும் அதன் மேல் உலர்ந்த மணல் சிமெண்டுக் கலவையையும் பிறகு ஈரக் கலவையையும் போட்டு அழுத்துகிறார்கள். சூளையில் சுடுவதில்லை, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து உலர்த்துகிறார்கள். கல்லின் பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருவது. உலர்த்துவதற்கு வெயிலை நம்பிய தொழில் ஆகையால் இவர்களும் நம்மைப் போலவே மேற்கைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள்; எத்தனை மணிக்கு மழை வரும் என்று பட்டறையில் கேட்டுப் பாருங்கள். எனக்குத் தெரிந்து ரேடாருக்கு அடுத்து நம்பத் தகுந்த பதில் அங்கேதான் கிடைக்கும். இது இரண்டாவது முடிவிடம். 10:15-க்கு மேல் தங்க வேண்டாம்.

நண்பகலும் திரும்புதலும்

நெடுஞ்சாலையைக் கடக்கும்போது அனைவரும் இறங்கி, ஒன்றாக நின்று, வண்டியைத் தள்ளிக்கொண்டு கடக்க வேண்டும். அதற்கப்பால் கானாடுகாத்தான். செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. அவற்றில் இந்த ஊரும் ஒன்று. 11 மணி முதல் 1:30 வரை, கடும் வெயில் நேரத்தை, இங்கே நிழலில் கழிக்க வேண்டும். கட்டணம் பெற்று உள்ளே விடும் வீடுகள் உண்டு. பல வீடுகள் பூட்டியிருக்கும். காவற்காரரைக் கேட்காமல் திண்ணையில் ஏறுவது முறையல்ல.

நகரத்தார் வீட்டின் அமைப்பைத் தெரிந்துகொள்வது மழை நேரத்தில் உதவும். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. கூரைகள் உள்நோக்கிச் சரிந்து மழைநீரை வளவின் நடுமுற்றத்தில் இறக்குகின்றன. ஆகவே பின்தெருவில் செல்பவருக்கு நீண்ட சுவரும் ஒரு சிறிய கதவும் தவிர வேறு எதுவும் தென்படாது. ஒதுங்கத் திண்ணையோ தாழ்வாரமோ கிடைக்காது. தூறல் விழத் தொடங்கியதும் முகப்புத் தெருவுக்குத் திரும்பிவிடுங்கள். ஒரு முறை நாங்கள் பின்தெருவில் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தபோது, அந்தச் சிறிய கதவைத் திறந்து ஓர் ஆச்சி எட்டிப் பார்த்தார். “அங்கன நின்னு நனையாதீங்க தம்பி, வண்டியப் போட்டுட்டு உள்ள வாங்க” என்று அழைத்து, வளவுத் தாழ்வாரத்தில் உட்காரவைத்தார். முற்றத்தில் மழை இறங்குவதை உள்ளேயிருந்து பார்த்தது அன்றுதான். அப்படி அழைப்பு வரும் என்று எதிர்பார்த்துத் திட்டமிட முடியாது.

மதிய உணவை முந்தின நாளே சொல்லிவைக்க வேண்டும். இங்கே என் அறிவுரை பலருக்குப் பிடிக்காது: இலை நிறைய வரும் செட்டிநாட்டு விருந்தை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கோழிக் குழம்பும் சுக்கா வறுவலும் பால் பணியாரமும் முடித்துவிட்டு 15 கிலோமீட்டர் மிதிப்பது தண்டனை. சாதம், ரசம், ஒரு கூட்டு, மோர் போதும். ஆசை தீராதவர்கள் கந்தரப்பத்தைப் பொட்டலமாக வாங்கிப் பையில் வைக்கலாம்.

1:30 மூன்றாவது முடிவிடம். வெயில் இன்னும் இறங்கவில்லையே, 3 மணிக்குக் கிளம்பலாமே என்று தோன்றும். அந்த ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். வெயிலைத் தொப்பியாலும் தண்ணீராலும் சமாளிக்கலாம். இடியைச் சமாளிக்க முடியாது. மேகம் முன்கூட்டியே வந்துவிட்டால் மாறாக, கானாடுகாத்தானிலேயே இருந்துவிட்டு, மழை ஓய்ந்தபின் கிளம்பலாம். மாலை 6 மணிவாக்கில் இருட்டத் தொடங்கிவிடும் என்பதால் 4 மணிக்குள் கிளம்ப இயலாவிட்டால் குட்டியானையை அழைத்துவிடுங்கள். பள்ளத்தூரிலும் கோட்டையூரிலும் நின்று தண்ணீர் குடித்து, வானத்தைப் பார்த்து, அடுத்த ஊருக்குச் செல்லலாமா என்று ஒவ்வொரு முறையும் முடிவெடுங்கள். எல்லாம் சரியாக நடந்தால் 3 மணிக்குக் காரைக்குடியில் இருப்பீர்கள்.

இடி இடிக்கும்போது

மின்னலைக் கண்டதிலிருந்து இடியோசை கேட்கும் வரை எண்ணுங்கள். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 விநாடி ஆகும். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று பொருள். உடனே கட்டடத்துக்குள் செல்ல வேண்டும். கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் கழியும் வரை வெளியே வரக் கூடாது. மழை நின்றுவிட்டதே என்று கிளம்புவதுதான் பலரும் செய்யும் தவறு.

சுவரும் கூரையும் உள்ள கான்கிரீட் வீடு, பள்ளிக்கூடம், கண்ணாடி ஏற்றப்பட்ட கார் ஆகியவை பாதுகாப்பானவை. பேருந்து நிழற்குடையும் திண்ணையும் தகரக் கொட்டகையும் மழைக்கு உதவும், மின்னலுக்கு உதவா. உள்ளே சென்ற பின்னும் இரும்புக் கதவிலும் ஜன்னல் கம்பியிலும் சாய வேண்டாம். தனி மரத்தடி, கண்மாய்க் கரை, ஊருணிப் படிக்கட்டு, கம்பிவேலி ஆகியவற்றை விட்டு விலகுங்கள். சைக்கிளின் ரப்பர் டயர் காப்பாற்றும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை. எந்தக் கட்டடமும் இல்லாத இடத்தில் மாட்டிக்கொண்டால், வண்டிகளைச் சாலையோரம் போட்டுவிட்டு அவற்றிலிருந்து தள்ளிச் சென்று, ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டு, தாழ்வான, தண்ணீர் தேங்காத இடத்தில் பாதங்களைச் சேர்த்துக் குந்தியிருங்கள், படுக்கக் கூடாது. இது கடைசி வழிதான், பாதுகாப்பு அல்ல. யாரையாவது மின்னல் தாக்கினால் அவர் உடலில் மின்சாரம் தங்கியிருக்காது. தயங்காமல் தொட்டு, மூச்சில்லாவிட்டால் நெஞ்சழுத்த முதலுதவியை உடனே தொடங்கிக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும்.

நனைந்த சாலையில்

முதல் பத்து நிமிடத் தூறலே மிகவும் வழுக்கும். சாலையில் படிந்த எண்ணெயும் தூசும் கலந்து மெழுகுபோல் ஆகிவிடும். சக்கர விளிம்பைப் பிடிக்கும் பிரேக்குகள் ஈரத்தில் உடனே பிடிக்காது. லேசாக ஒரு முறை அழுத்தி விளிம்பின் நீரைத் துடைத்துவிட்டு, மறுமுறை இரண்டு பிரேக்கையும் சேர்த்து நிதானமாக அழுத்துங்கள். முன்பிரேக்கைத் தனியாகத் திடீரென்று பிடித்தால் விழுவீர்கள். வெள்ளைக் கோடுகள், தைலமர இலைச் சருகு, சாலையோரச் சரளை ஆகியவற்றின் மேல் திரும்பாமல் நேராகச் செல்லுங்கள். தேங்கிய நீரின் அடியில் பள்ளம் இருக்கும் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். முன்வண்டிக்கும் உங்களுக்கும் வழக்கமாக விடும் இடைவெளியை இரண்டு மடங்காக்குங்கள்.

பஞ்சர்

மழை நாளில் பஞ்சர் அதிகமாகும். ஓடும் நீர் முள்ளைச் சாலைக்கு இழுத்து வருகிறது. ஈர ரப்பரும் எளிதில் கிழிகிறது. ஈரமான ட்யூபில் ஒட்டு நிற்காது என்பதால், சாலையில் ஒட்டுப் போட முயலாமல் புதிய ட்யூபை மாட்டிவிட்டு, பழையதைப் பையில் போட்டுக்கொள்வதே விரைவான வழி. பழைய ட்யூபில் காற்றடித்து ஓட்டையைக் கண்டுபிடித்து, அதை வால்வு இருந்த நிலையிலேயே டயரோடு ஒப்பிட்டால் முள் இருக்கும் இடம் தெரியும். அதன்பின் துணியால் டயரின் உட்புறத்தை முழுவதும் துடைத்துப் பாருங்கள். சீமைக்கருவேல முள்ளின் ஒடிந்த நுனி துணியில் மாட்டும். அதை எடுக்காமல் புதிய ட்யூபை மாட்டினால் அடுத்த கிலோமீட்டரிலேயே மறுபடி உட்கார வேண்டியிருக்கும்.

செயின் உறை போட்ட பழைய வண்டியில் பின்சக்கரத்தைக் கழற்றுவது பெரிய வேலை. ஊர்க் கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றாமலேயே டயரின் ஒரு பக்கத்தை நெம்பி, ட்யூபை வெளியே இழுத்து ஒட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கூரையடியில் நின்று ட்யூபை நன்றாகத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனைத் தடவிக் காயவிட்டு ஒட்டினால் இந்த முறையே அங்கும் போதும். சொல்யூஷன் காய்வதற்குள் ஒட்டுவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு.

திரும்பிய பின்

வண்டியை அன்று இரவே துடைத்துவிடுங்கள். செம்மண் சேறு காய்ந்தால் செயினுக்குள் அரம்போல் தேய்க்கும். ஊருணியில் கழுவ வேண்டாம். பல ஊர்களில் அது இன்றும் குடிநீர். வீட்டில் ஒரு வாளி தண்ணீரில் கழுவி, உலர்ந்த துணியால் செயினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, மிச்சத்தைத் துடைத்தெடுங்கள். பழைய வண்டியானால் இருக்கைக் குழாயைக் கழற்றி வண்டியைக் கவிழ்த்து வைத்தால் சட்டத்துக்குள் புகுந்த நீர் வடிந்துவிடும். டயரை விரலால் ஒரு சுற்றுத் தடவி, உள்ளே இறங்காமல் பாதியில் நிற்கும் முட்களைப் பிடுங்குங்கள். இந்தப் பாதையைச் சுற்றிவந்த டயரில் இரண்டு மூன்றாவது இருக்கும். கால் விரல் இடுக்குகளைத் துவட்டி, காயம் இருந்தால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஊர்ப் பெயர்த் தாளில், எந்த நேரத்தில் எந்த ஊரில் இருந்தீர்கள், மழை எங்கே பிடித்தது, எந்தக் கட்டடம் திறந்திருந்தது என்று குறித்துவைத்துவிட்டுத் தூங்கச் செல்லுங்கள். அடுத்த முறை முடிவிடங்களின் நேரத்தை அந்தத் தாளைப் பார்த்துத்தான் மாற்றப்போகிறீர்கள்.